இல்லாத முடிவுக்கு ஐந்து நட்சத்திரம்

நான் பேசாமல் இருந்தது போதும். மூன்று வருடம் இருந்துவிட்டேன். நம் மின்னூல் எழுத்தாளர் குழுவின் ஆண்டுக் கூட்டத்தில் இந்த முறையும் எனக்கு மைக் கிடையாது. நூற்று நாற்பது பேரில் பேசப் போவது வழக்கமான அதே ஆறு பேர். தலைப்பு, மின்னூலுக்கு விலை வைப்பது எப்படி. மைக் கிடைத்திருந்தால் பேசியிருக்கக் கூடியதை இங்கே பேசிவிடுகிறேன். நீங்கள் எதிரே உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொள்கிறேன்.

நண்பர்களே... விலையைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு சின்னக் கதைதான். அதைச் சொல்கிறேன், கேளுங்கள்.

நம்மில் ஒருவர். பூவராகன் என்று வைத்துக்கொள்வோம். விருத்தாசலம் பக்கம் பாலிடெக்னிக்கில் ஆசிரியர். ஐந்து பாகத்தில் ஒரு மாயாஜாலத் தொடர் எழுத ஆரம்பித்தார். உப்பால் ஆன ஒரு தீவு, அதைத் தின்ன வரும் கடல் பூதம், அதன் எதிரே தனியாக நிற்கும் அலர் என்ற பெண். ஆறு வருட உழைப்பு. மூன்று பாகம் முடிந்ததும் மின்னூலாக ஏற்றினார். ஒவ்வொன்றும் தொண்ணூற்றொன்பது ரூபாய்.

நம் வழக்கம் தெரியும் அல்லவா? வியாழன்தோறும் ஒருவருடைய புத்தகத்தின் இணைப்பு வரும். எல்லோரும் போய் ஐந்து நட்சத்திரம் போட்டு, இரண்டு வரி எழுத வேண்டும். அடுத்த வியாழன் அடுத்தவர். கல்யாண வீட்டு மொய் மாதிரி. ஒரே வித்தியாசம்... கல்யாண வீட்டில் 'சாப்பிட்டீங்களா' என்றாவது கேட்பார்கள். இங்கே 'படிச்சீங்களா' என்று யாரும் கேட்பதில்லை.

பூவராகனின் முதல் பாகத்துக்கு நூற்றிருபது விமர்சனம் வந்தது. எல்லாம் ஐந்து. இரண்டாம் பாகம் எத்தனை விற்றது? ஏழு.

மனிதர் குழுவில் வந்து கேட்டார். நாம் விடுவோமா? ஆளுக்கொரு யோசனை. விலைதான் கோளாறு என்றார்கள். நாற்பத்தொன்பது ஆக்கினார். அட்டையில் பெண் இருந்தால் ஓடாது என்றார்கள். அட்டையை மாற்றினார். நம் அட்மின் மட்டும் சும்மா இருப்பாரா?

"சார், முதல் பாகத்தை அஞ்சு நாளைக்கு ஓசியா விடுங்க. புழு வைக்காம மீன் கடிக்குமா?"

விட்டார். இரண்டாயிரம் பேர் இறக்கிக்கொண்டார்கள். இரண்டாம் பாகத்தை வாங்கியவர்... ஒருவர்கூட இல்லை. நான்காம் பாகத்தைப் பாதியில் மூடி வைத்துவிட்டார். எனக்கு எழுத வரவில்லை போலிருக்கிறது என்று குழுவில் எழுதினார். அதற்கும் முப்பது பேர் கைகூப்பும் படம் போட்டோம்.

இதற்கு நடுவில் ஒன்று நடந்தது. யாரோ ஒரு அம்மாள் முதல் பாகத்துக்கு இரண்டு நட்சத்திரம் போட்டுவிட்டார். பூவராகன் அதைப் படமெடுத்துக் குழுவில் போட்டார். நமக்கு வந்ததே கோபம். பொறாமை பிடித்த கும்பல் என்றோம். எல்லோரும் போய் மின்னூல் விற்கும் தளத்தில் புகார் கொடுத்தோம். இரண்டு நாளில் அந்த விமர்சனத்தைத் தூக்கிவிட்டார்கள். வெற்றி, வெற்றி என்று கொண்டாடினோம். நானும்தான்.

நாலு மாதம் போயிற்று. மூன்று பாகத்தையும் ஒரே கட்டாகப் போட்டுக் கடைசியாக ஒருமுறை பார்க்கலாம் என்று, பூவராகன் தான் ஏற்றிய முதல் பாகத்தைத் திறந்தார். புரட்டினார். அவர் எழுதியது முப்பத்து நாலு அத்தியாயம். புத்தகத்தில் இருந்தது முப்பத்தொன்று. அலர் இடுப்பளவு தண்ணீரில் நிற்கிறாள், பூதம் வாயைத் திறக்கிறது... அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒரு எழுத்து இல்லை. ஏற்றும்போது பழைய கோப்பை ஏற்றியிருக்கிறார்.

நூற்றிருபது விமர்சனத்தில் முப்பத்தேழு பேர் முடிவைப் பாராட்டியிருந்தோம். அதில் ஐந்து பேரை அவர் போனில் கூப்பிட்டார். நான் மூன்றாவது.

"சார், முடிவு கண்ணுல தண்ணி வர வச்சுதுன்னு எழுதியிருந்தீங்களே. எந்த எடம் சார்?"

நான் படித்தது பதினோரு பக்கம். என்ன சொல்வது? அந்தப் பொண்ணு... கடைசியில... என்று இழுத்தேன். அவர் கோபப்படவில்லை.

"அது அதுல இல்ல சார்," என்றார்.

பிறகு, ஒன்று படிக்கிறேன் கேளுங்கள் என்றார். அந்த இரண்டு நட்சத்திர விமர்சனம். குழுவில் போட்ட படம் இன்னும் இருந்தது. நட்சத்திரத்தை எண்ணியதோடு சரி, அன்றைக்கு அவரும் அதைப் படிக்கவில்லை. நூற்று நாற்பது பேரில் ஒருவரும் படிக்கவில்லை. தூத்துக்குடி பிரிசில்லா என்பவர் எழுதியிருந்தார்:

"காசு குடுத்து வாங்கி ரெண்டே நாள்ல படிச்சேன். அலர் தண்ணியில நிக்கிறதோட நின்னுபோச்சு. கடைசிப் பக்கங்கள் விட்டுப்போன மாதிரி இருக்கு. எழுதினவர் பார்த்தா சரி பண்ணுங்க, நட்சத்திரத்தையும் மாத்திடுறேன். ரெண்டாம் பாகமும் வாங்கி வச்சிருக்கேன். அவ பொழச்சாளான்னு தெரியாம அதைத் திறக்க மனசு வரல."

பூவராகன் அன்றைக்கே சரியான கோப்பை ஏற்றிவிட்டார். அந்த அம்மாளுக்கு எப்படிச் சொல்வது? பதில் எழுத விமர்சனம் இல்லை. நாம்தான் அழித்துவிட்டோமே. எந்த விலாசம், எந்த எண்? தெரியாது. இன்றுவரை தெரியாது.

நாளைக்கு மேடையில் அந்த ஆறு பேரும் நாற்பத்தொன்பதா, தொண்ணூற்றொன்பதா என்று பேசுவார்கள். கேளுங்கள். வேண்டாம் என்று சொல்லவில்லை. விலை என்பது படிக்கிறவன் ஒருவன் இருந்தால் அவனோடு பேசிக்கொள்ள வேண்டிய விஷயம். நமக்கு அப்படி ஒருத்தி வந்தாள். தொண்ணூற்றொன்பதும் கொடுத்தாள். குறையையும் சொன்னாள். அவளை நூற்று நாற்பது பேர் சேர்ந்து விரட்டினோம். நம் நட்சத்திரம் எழுத்தாளனை வாழ வைக்கவில்லை நண்பர்களே... அவன் காதைத்தான் அடைத்தது.

பூவராகனிடம் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். நான் யார் என்று அவருக்குத் தெரியும், சொல்ல மாட்டார். நீங்கள் என் பெயரைத் தேடுவீர்கள். போட்டால் என்ன ஆகும்? நான் யாருக்கு ஐந்து போட்டேனோ அவர் ஐந்து போடுவார். என் மேல் பழைய கடுப்பு உள்ளவர் ஒன்று போடுவார். இருவரும் முதல் பத்தியைத் தாண்ட மாட்டார்கள். பயந்துவிட்டான் என்பீர்கள். கொஞ்சம் பயமும்தான். ஆனாலும் யாருடையது என்று தெரியாவிட்டால், நல்லதோ கெட்டதோ சொல்வதற்கு முன் படித்துத்தானே ஆக வேண்டும்? அதனால் பெயர் இல்லாமலே போடுகிறேன்.