அம்மா படத்துக்குப் பக்கத்து ஆணி

யாரைக் கேட்டு வாக்குக் குடுத்தீங்க? அம்மா கல்லறைக்கு நானே கூட்டிக்கிட்டுப் போறேன்னு நீங்க பாட்டுக்கு அவன்கிட்ட சொல்லிட்டு வந்திருக்கீங்க. கல்லறை யாரு வீட்டுது? எங்க அம்மாவுது. கேக்க வேண்டியது யாருகிட்ட? என்கிட்ட.

உக்காருங்க. அந்த ஃபைல மேசையில வைங்க, நெஞ்சோட கட்டிப்புடிச்சிக்கிட்டு நின்னா நான் என்னமோ புடுங்கப் போறவ மாதிரி இருக்கு. கோப்பி ஓ தான். பால் தீந்து போச்சி.

தனேஸ்வரன் தானே பேரு? சரி தம்பி. பரோல் ஆபீசர்னாலும் சார் கீர்லாம் எனக்கு வராது, எங்க மக ஷார்மேனுக்கு அண்ணன் வயசுதான் இருக்கும் உங்களுக்கு. போன தடவையே சொன்னேன், ஜெயில் இலாகா முத்திர போட்ட வேன என் கேட்டு முன்னால நிப்பாட்டாதீங்கன்னு. இன்னிக்கும் நிப்பாட்டிட்டீங்க. அங்க பாருங்க, எதுத்த வீட்டு கலாதேவி ஜன்னல் துணிய வெலக்கிட்டா. நீங்க போன ஒடனே கறிவேப்பில கேட்டு வருவா. அவ வாசல்லயே கறிவேப்பில மரம் ஆளொசரம் நிக்கிது.

வேணாம் வேணாம். அக்கம்பக்கத்துல பேசிப் புரிய வைக்கிறதெல்லாம் நீங்க செய்ய வேணாம். வாயத் தொறக்கக் கூடாது, சொல்லிட்டேன். ஆம்புரோஸ் ஜெயில்ல இருக்கான்னு இந்தச் சிலிபின் வட்டாரத்துல ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாது. பத்து வருஷமா காப்பாத்தி வச்சிருக்கேன்.

எனக்குக் கோவம் இல்லாம எப்படி இருக்கும்? கூடப் பொறந்தவன்தான். ஜொகூர்ல வேலைன்னு போனவன், நாலு பேரோட சேந்து நகைக்கடையில பாராங் கத்தி தூக்கிக்கிட்டு நொழஞ்சான். இவன் வெட்டலயாம், தப்பிச்சிப் போறதுக்குக் காடிதான் ஓட்டுனானாம். ஓட்டுனா என்ன? அந்தக் கடைக்காரருக்கு மூணு வெரலு இன்னும் மடங்கல. பதினெட்டு வருஷம்னு ஜட்ஜு சொன்னப்ப நான் அழுவல தம்பி. வெரலு மடங்காத மனுசன் எனக்கு முன் வரிசையில உக்காந்திருந்தாரு. நான் எந்த மூஞ்ச வச்சிக்கிட்டு அழுவுறது?

திருந்திட்டான், ஒழுங்கா இருக்கான், வெல்டிங் கத்துக்கிட்டு சர்டிபிகேட் வாங்கிட்டாங்கிறீங்க. சரி. கான்வெண்ட்ல எனக்கும் நன்னடத்தைக்கு சர்டிபிகேட் குடுத்தாங்க. என் வாயப் பத்தி எங்க வீட்டுக்காரரு ரோய்ஸ்டன் கிட்ட கேட்டுப் பாருங்க.

கோயில்ல மட்டும் என்ன வாழுது? ஞாயித்துக்கெழம தவறாம சிறையில வாடுறவங்களுக்காக மன்றாடுறோம். நானே மைக்ல வாசிச்சிருக்கேன். மொத்தக் கோயிலும் உருகும். ஜெயில்லேருந்து வந்தவன் ஒருத்தன் அதே பெஞ்சில வந்து உக்காந்தான்னு வைங்க, அத்தன பேரும் ஹேன்பேக்க இந்தப் பக்கத்துலேருந்து அந்தப் பக்கம் மாத்துவாங்க. நானும் மாத்துவேன் லா. என்ன, உங்களுக்காகப் பொய் சொல்லவா?

இல்ல, அவன் வந்து தங்க ரூம் இருக்கு. யாரு ரூம் இல்லன்னு சொன்னா? ஷார்மேன் நர்சிங் படிக்கப் போய் ஒரு வருஷம் ஆச்சி, அவ ரூம் சும்மாதான் கெடக்கு. வேலையும் இருக்கு. சிம்பாங் பூலாய்ல ரோய்ஸ்டன் வேல செய்யிற கல்லு ஒடைக்கிற மலையில வெல்டர் தேடிக்கிட்டிருக்காங்க. ரோய்ஸ்டன் போயி தவ்கே, அதான் மொதலாளி, அவன்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டாரு, ஜெயில் உட்பட. அந்தச் சீனன் ஒரே ஒரு கேள்வி கேட்டானாம், ஏணியில ஏறி நின்னு வெல்டிங் பண்ணுவானா, தல சுத்துமான்னு. அவ்வளவுதான். நம்ம ஆளுங்களா இருந்தா பாட்டன் பூட்டன் வரைக்கும் கேட்டிருப்பாங்க.

அப்பறம் என்ன கஷ்டம், ஏன் சைன் பண்ண மாட்டேங்கிறேன்னு திரும்பத் திரும்பக் கேக்காதீங்க. வீட்டுல வச்சிப் பாத்துக்கிறேன்னு நான் கையெழுத்துப் போடலன்னா இன்னும் ரெண்டு வருஷம் அவன் உள்ளேயேதான் இருக்கணும், தெரியும். மூணு தடவ சொல்லிட்டீங்க. எனக்குக் காது நல்லா கேக்குது.

என்ன சொவத்தையே பாக்குறீங்க? அம்மா லா அது. பக்கத்துல ஆணி... அங்க ஒரு படம் இருந்திச்சி. நீங்க வரீங்கன்னு காலையில கழட்டி வச்சேன். அதான் அந்த எடம் மட்டும் பெயிண்டு வெளுக்காம சதுரமா தெரியிது. கண்ணு நல்லா தெரியிது உங்களுக்கு.

அம்மா சுங்காய் பக்கத்துத் தோட்டத்துல முப்பது வருஷம் ரப்பர் பால்மரம் வெட்டிப் பால் எடுத்திச்சி. தோட்டம் செம்பனைக்கு மாறுன பெறகு என்கிட்ட வந்திருச்சி. இவன் உள்ள போனப்ப அம்மாவுக்கு நெஞ்சு சரியில்ல. சிங்கப்பூர்ல வேல கெடைச்சிருச்சி, லீவு குடுக்க மாட்டேங்கிறான்னு சொல்லி வச்சேன். அம்மா நம்பிச்சி. நம்புனதுதான் கொடுமை. பொழுது சாயுறப்ப கேட்டுக்கிட்ட போயி நிக்கும். ஒரு மோட்டார் சத்தம் கேக்கக் கூடாது, எட்டி எட்டிப் பாக்கும். கிறிஸ்மஸ் சாப்பாட்டுல அவனுக்கு ஒரு தட்டு எடுத்து மூடி வைக்கும். மறுநாள் அத கொட்டுறது யாரு? நானு. மூணு வருஷம்.

நாலாவது கிறிஸ்மஸுக்கு மொத நாளு. அடுப்புல எண்ண காயுது, அச்சு முறுக்கு அச்ச விட்டுக் கழல மாட்டேங்குது, கையில சூடு பட்டுருச்சி. அம்மா வந்து நிக்கிது, ஆம்பு போன் பண்ணானாடின்னு. அன்னிக்கு மட்டும் பதினோராவது தடவ. நான் பொறுமைக்காரி இல்ல தம்பி. பொறந்ததுலேருந்தே இல்ல.

செத்துட்டான்மா, போதுமான்னேன்.

அப்படிப் பாக்காதீங்க. வாயில வந்தத திருப்பி முழுங்க முடியல. அம்மா அப்படியே தரையில உக்காந்திருச்சி. சிங்கப்பூர்ல காடி மோதிருச்சி, அங்கேயே அடக்கம் பண்ணிட்டாங்க, ஒங்கிட்ட சொல்ல தைரியம் இல்லன்னு மேல மேல கட்டுனேன். சாயங்காலம் ஃபாதர் வந்து ஜெபம் சொன்னாரு. இதே கலாதேவிதான் ஒரு வாரம் சமைச்சிக் கொண்டாந்து குடுத்தா. நவம்பர் மாசம் இறந்தவங்க பேரு எழுதிப் போட கோயில்ல கவர் குடுப்பாங்க, அதுல அப்பா பேருக்குக் கீழ அவன் பேர என் கையாலயே எழுதுனேன். ஆறு நவம்பர். சத்தமா வாசிக்கிறாங்க. அந்த ஆணியில தொங்குனதும் அவன் படம்தான், மாலையோட.

அம்மாவா? அழுதிச்சி. ஒரு மாசம். அதுக்கப்பறம் கேட்டுக்கிட்ட போகல. கேள்வி இல்ல. நல்லா தூங்கிச்சி தம்பி, ரெண்டு வருஷம். அத நெனச்சி நான் சந்தோசப்படுறதா, செவுத்துல முட்டிக்கிறதா, நீங்க படிச்சவரு, சொல்லுங்க.

அவனுக்கு இதெல்லாம் தெரியாது. அம்மா போனத மட்டும் எழுதுனேன். உன் பேரச் சொல்லிக்கிட்டே போனிச்சின்னு எழுதுனேன். அது பொய்யில்ல. கடைசியா என்கிட்ட கேட்டதே அவனப் பத்திதான். அவனப் போயிப் பாக்க நமக்கு ஒரு கல்லறை இல்லையே எல்ஸி, என் கல்லுலயாவது அவன் பேரையும் சேத்துப் போடுன்னுச்சி. போட்டேன். அம்மா பேரு, அதுக்குக் கீழ ஆம்புரோஸ்.

அங்கதான் நீங்க அவனுக்கு மெழுகுவத்தி ஏத்த வாக்குக் குடுத்திருக்கீங்க.

சும்மா இருக்கல நானும். போன திங்கக்கெழம கல்லு வேல செய்யிற அப்பாவுவ கூட்டிக்கிட்டு கல்லறைக்குப் போனேன், கீழ் வரிய மட்டும் தேச்சி எடுன்னு. பத்து நிமிஷ வேல அக்கான்னான். மிஷின முடுக்கி கல்லுகிட்ட கொண்டு போயிட்டான். நான்தான் நிப்பாட்டுன்னேன். அம்மா வாயத் தொறந்து என்கிட்ட கேட்டு வாங்குனது அது ஒண்ணுதான். அதையும் நானே அழிக்கவா?

பேனா குடுங்க. எங்க, இங்கயா? ஐ.சி. கார்டு நம்பர் நீங்களே எழுதிக்குங்க.

வெள்ளிக்கெழம கொண்டாங்க. வேன வாசல்லயே நிப்பாட்டுங்க, கலாதேவி நல்லா பாக்கட்டும், அவளுக்கும் நான்தான் சொல்லியாகணும். ஆனா கல்லறைக்கு நீங்க வராதீங்க. நான் கூட்டிக்கிட்டுப் போறேன். படிக்கட்டும். படிச்சிட்டு என்ன அறையணும்னா அறையட்டும், அதுக்கப்பறம் எங்கூட வீட்டுக்கு வந்தான்னா சோறு இருக்கு.

தேதியப் பத்தித்தான் மொதல்ல கேப்பான். அவன் பேருக்குப் பக்கத்துலயே தேதி இருக்கு. கல்லு செய்யிறப்ப அப்பாவு கேட்டான், இவரு என்னிக்கு எறந்தாரு அக்கான்னு. நான் முறுக்கு சுட்ட நாளச் சொன்னேன். வேற எந்தத் தேதிய லா குடுக்க?