கணிப்பை விலை என்று சொன்ன கருவி

ஊரே உறங்கும் இந்நேரத்தில் எழுதி அனுப்புவதற்கு முதலில் மன்னிக்க வேண்டுகிறேன். குழந்தைக்குக் காய்ச்சல். காலைக் கூட்டத்துக்கு என்னால் வர இயலாது. செயலாளர் அண்ணன் என் குரலாக மேடையில் நின்று இதை வாசிப்பார்.

அவையை அமைதியால் ஆளும் தலைவர் அவர்களே! விலையின் ஏற்றத்தையும் இறக்கத்தையும் பார்த்துப் பார்த்தே நரைத்த பெரியோர்களே! பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிய கையோடு கடையைத் திறக்கும் தாய்மார்களே! கணினி அறையிலிருந்து வந்து கடைசி வரிசையில் பதுங்கியிருக்கும் என் சகாக்களே! அனைவருக்கும் வணக்கம்.

நம் சங்கத்து உருளைக்கிழங்கு வியாபாரிகளாகிய நீங்கள் அடுத்த வார விலையை வாராவாரம் கணித்துச் சொல்கிறீர்கள். எவர் கணிப்பு பலித்தது, எவர் கணிப்பு பொய்த்தது என்று கண்காணிக்கவும், அன்றைய விலையைக் கைபேசியில் சொல்லவும் ஒரு செயற்கை நுண்ணறிவு முகவரை, அதாவது தானே வேலை பார்க்கும் ஒரு மென்பொருளை, அமர்த்தினோம். அதற்குக் கண் உண்டா? காது உண்டா? கருவிகள் மட்டுமே உண்டு. ஒரு கருவி உங்கள் கணிப்பை எடுத்துத் தரும். இன்னொன்று சந்தையில் உண்மையில் விற்ற விலையை எடுத்துத் தரும். எந்தக் கேள்விக்கு எந்தக் கருவி என்பதை, நாம் கருவியோடு எழுதி வைத்த விளக்கத்தைப் படித்துத்தான் அது முடிவு செய்யும்.

நாம் எழுதி வைத்த விளக்கம் என்ன? "உருளைக்கிழங்கு விலையைத் தரும்." முதல் கருவிக்கும் அதே வரி. இரண்டாம் கருவிக்கும் அதே வரி!

விலை சரியும் என்று நீங்கள் கணித்திருந்தீர்கள். முகவர் அந்தக் கணிப்பை எடுத்து, விலை சரிந்துவிட்டது என்று எல்லாருடைய கைபேசிக்கும் செய்தி அனுப்பிவிட்டது. குளிர்பதனக் கிடங்கு நடத்தும் நம் அக்கா பதறிப்போய், இருப்பில் பாதியை வந்த விலைக்குத் தள்ளிவிட்டார். பிறகு எனக்குப் போன் செய்தார்.

"ஏம்மா, விலை விழுந்துடுச்சுன்னு உங்க ஆளு சொன்னான். சந்தையில போய்ப் பார்த்தா அது பாட்டுக்கு நேத்து நின்ன இடத்துலயே நிக்குது."

"அது ஆளு இல்லக்கா, முகவர்."

"முகவரோ மூதேவியோ, பாதிக் கிடங்கு காலி. நாளைக்கு மிச்சத்தையும் வித்துடுன்னு சொன்னா நான் நம்புறதா, வேணாமா?"

இந்தக் கேள்விக்குத்தான் இந்த அவை விடை சொல்ல வேண்டும். செய்தியைப் பார்க்காமல் இருந்துவிட்டுப் போகட்டுமே என்கிறீர்களா? ஒருநாள் உண்மையிலேயே விலை விழும். அன்றும் அக்கா நம்பமாட்டார். மீதிப் பாதி கிடங்கிலேயே முளைவிட்டுக் கிடக்கும். இன்னும் பெரிய மூளையுள்ள முகவரை வாங்கலாம் என்கிறீர்களா? வாங்கலாம். அந்தப் பெரிய மூளைக்கு முன்னாலும் அதே மொட்டை வரியைத்தானே வைக்கப் போகிறோம்?

என் வீட்டில் நடப்பதைச் சொல்கிறேன். மகளைக் காப்பகத்தில் விடும்போதெல்லாம் மருந்துப் புட்டியோடு ஒரு சீட்டும் வைப்பேன். உடம்பு சுட்டால் மட்டும் கொடுங்கள். வீட்டில் கொடுத்துவிட்டேன் என்று எழுதியிருந்தால் கொடுக்காதீர்கள். வாந்தி எடுத்தால் மறுபடி ஊட்டாமல் எனக்குச் சொல்லுங்கள் என்று நீளும். என் கணவர் எட்டிப் பார்த்தார்.

"சீட்டு எழுதுறியா, நாவல் எழுதுறியா?"

"காப்பகத்து அம்மாவுக்கு என் மனசைப் படிக்கத் தெரியாதுங்க. சீட்டைத்தான் படிக்க முடியும்."

சிரித்துக்கொண்டே சொன்னேன். சொன்ன பிறகுதான் நம் கருவிகள் நினைவுக்கு வந்தன. என்ன தரும் என்று எழுதினோமே, எதைத் தராது என்று எழுதினோமா? எப்போது எடு என்றோமா, எப்போது தொடாதே என்றோமா? வெறுங்கையோடு திரும்பினால் என்ன செய்வது என்று ஒரு சொல், ஒரே ஒரு சொல், வைத்தோமா?

ஆகவே புதிதாக எழுதியிருக்கிறேன். முதல் கருவிக்கு: "உறுப்பினர்கள் அடுத்த வாரத்துக்குக் கணித்த விலையைத் தரும். இது இன்னும் நடக்காதது. இன்றைய விலையைக் கேட்டால் இதை எடுக்காதே."

இரண்டாம் கருவிக்கு: "சந்தையில் உண்மையில் விற்ற விலையையும் அது விற்ற நாளையும் தரும். சந்தை மூடியிருந்தால் வெற்றாகத் திரும்பும். வெறுமையைச் சுழியம் என்று கொள்ளாதே. கணிப்பைக் கொண்டு நிரப்பாதே. விலை தெரியவில்லை என்று சொல்."

பின்வரிசையில் யாரோ சிரிப்பது இங்கேயே கேட்கிறது. இந்த நாலு வரிக்கா இவ்வளவு பேச்சு என்று. ஆம் ஐயா, இந்த நாலு வரிக்குத்தான்! வெளியே செய்தி போகாத, முகவரின் நகல் ஒன்றில் இந்த வரிகளை வைத்து ஓட்டிப் பார்த்தேன். கேள்வியை மாற்றி மாற்றிக் கேட்டேன், மடக்கி மடக்கிக் கேட்டேன். முகவர் ஒருமுறைகூடக் கருவியை மாற்றி எடுக்கவில்லை. மூடிய சந்தையைப் பற்றிக் கேட்டபோது, தெரியவில்லை என்று சொன்னது. அந்தச் சொல்லைக் கண்டதும் எனக்கு மூச்சு வந்தது.

தெளிவில்லாத வரி திறமையையும் தடுமாற வைக்கும். தெளிவான வரி அந்நியனையும் துணையாக்கும். தெளிவாக எழுதுவோம், துணிந்து திருத்துவோம், திருத்தியதைத் தேய்த்துத் தேய்த்துச் சோதிப்போம்!

ஆனால் ஒப்புதல் பெற்ற விளக்கத்தில், உங்கள் வாக்கின்றி ஓர் எழுத்தையும் பணியாளர் மாற்றக் கூடாது என்பது நம் சங்க விதி. அடுத்த சந்தை திறக்கும்போது முகவர் அந்தப் பழைய வரியைத்தான் படிக்கும். அக்காவின் கைபேசிக்கும் செய்தி போகும். அதற்கு முன்னால் புதிய வரிகளுக்கு ஒப்புதல் தந்து கை உயர்த்துங்கள்.

பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும், தொண்டை வறள வாசித்த அண்ணனுக்கும் நன்றி, வணக்கம். கூட்டத்தின் முடிவு எதுவானாலும் எனக்குச் சீக்கிரம் பதில் அனுப்புங்கள்.