ஜும்ஆவுக்கு முந்தி முடியாத யுத்தம்

"யுத்தத்த ஜும்ஆத் தொழுகைக்கு முந்தி முடிச்சிரலாம் எண்டுதான் நெனச்சன்."

கல்முனையிலிருந்து அக்கரைப்பற்றுக்குப் போகும் பஸ்ஸில், எனக்கு முன்னால் இருந்த சரித்திர டீச்சர் இப்படிச் சொன்னதும் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த கொண்டக்டர் திரும்பிப் பார்த்தார்.

"எந்த யுத்தம்?" என்றார் பக்கத்தில் இருந்த கணக்கு டீச்சர்.

"நம்மட நாட்டு யுத்தம்தான். காரணமெல்லாம் நேத்தே படிப்பிச்சிட்டன். மிச்சத்த நடிச்சுக் காட்டட்டும் எண்டு இண்டைக்கு வகுப்ப ரெண்டாப் பிரிச்சன். ஜன்னல் பக்கம் ஆமி, சுவர்ப் பக்கம் இயக்கம்."

"அல்லாஹ்வே! அடிபட்டாங்களா?"

"அடிபட்டிருந்தாலும் பரவாயில்ல. ஒருத்தரும் அசையல்ல. ஒரு புள்ள எழும்பி, 'டீச்சர், நம்மட முஸ்லிம் ஆக்கள் எங்க நிக்கிற?' எண்டு கேட்டா. நடுவுல நில்லுங்க எண்டன். முழு வகுப்பும் நடுவுக்கு வந்திட்டு."

"அப்ப ஆமி?"

"ஆமியும் இல்ல, இயக்கமும் இல்ல."

கொண்டக்டர் மிச்சக் காசைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார்.

"நல்லதுதானே டீச்சர். யுத்தம் முடிஞ்சிட்டு" என்றார்.

"எங்க முடிஞ்ச? அதே புள்ள திரும்பவும், 'நாம நடுவுலதானே நிண்ட, பெறகு ஏன் டீச்சர் நமக்கும் அடி விழுந்த?' எண்டு கேட்டா."

கணக்கு டீச்சர் அவர் பக்கம் திரும்பினார்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"என்னத்தச் சொல்ற? மணி அடிச்சிட்டு."

"ஓம், இண்டைக்குப் பத்து நிமிஷம் வெள்ளன அடிச்சிட்டே. அதிபரும் வெளிய வந்து மணிக்கூட்டப் பாத்தாரு. ஆரு அடிச்சதாம்?"

சரித்திர டீச்சர் கடல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"நான்தான்."