அம்மா கடைசியாகக் கேட்டது

பிள்ளைகளே, நேற்று பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஓர் அக்காவும் தம்பியும் பேசிக்கொண்டு வந்தார்கள். போன வாரம்தான் அம்மாவை அடக்கம் செய்திருக்கிறார்கள்.

"போன்ல ஆமென் போட்டவங்கள எண்ணி முடியல தம்பி. அம்மா கடைசியா என்ன கேட்டாங்கன்னுதான் தெரியல."

"பக்கத்துலதானேக்கா இருந்த?"

"இருந்தேன்டா. ஜெப குரூப்புல 'அம்மாவுக்காக வேண்டிக்குங்க'ன்னு டைப் பண்ணிக்கிட்டிருந்தேன். ஏதோ கேட்டாங்க. 'இரும்மா, அனுப்பிட்டு வரேன்'னேன். நிமிர்ந்து பாத்தா மூச்சு இல்ல."

"ஊரையே வேண்டச் சொன்ன. நீ வேண்டினியா?"

"எங்கடா? ஒவ்வொருத்தருக்கா நன்றி போட்டுக்கிட்டிருக்கேன். இன்னும் முடியல."

நெல்லித்தோப்பில் இருவரும் இறங்கிப் போனார்கள். அடுத்த ஸ்டாப்பில் நானும் இறங்கினேன். போனை அணைத்துவிட்டு ஓரமாக நின்று, பெயர் தெரியாத அந்த அம்மாவுக்காக, 'விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே' என்று ஒரு பரலோக மந்திரம் சொன்னேன்.