பிற இடையூறுகள்

ரேடியோ வாங்கப் போனால் விலையைப் பார்க்காதீர்கள் சார், காது கொடுத்துக் கேளுங்கள். எங்கள் வீட்டில் அப்படிக் கேட்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

நீங்கள் எடுத்து வந்திருக்கிறீர்களே, அந்த இரண்டும் சிற்றலை ரேடியோக்கள். பழையது அரிசி மூட்டை கனம். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பேசுவதுபோல் குரல் வரும். புதியது உள்ளங்கை அளவு. அதில் ஃபில்டர் மட்டும் ஏழு. ஃபில்டரை அகலமாக வைத்தால் குரல் நிறைவாக இருக்கும், கூடவே ஊர்ப்பட்ட இரைச்சலும் வரும். குறுக்கினால் இரைச்சல் போய்விடும், ஆனால் செய்தி வாசிப்பவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு பேசுவார். இரண்டில் எது மேல் என்று எங்கள் ரேடியோ சங்கத்து இதழுக்கு எழுதித் தருவதாக ஒப்புக்கொண்டிருந்தேன்.

ஆனால் இரண்டிலும் ஓயாத கொரகொரப்பு. என் மனைவியின் அண்ணன் பக்கத்து அறையில் இரண்டு வருடமாகப் படுத்த படுக்கை. அங்கிருந்தே விமர்சனம் வரும். "மாப்ள, இதுக்கு நம்ம மிக்ஸியே தேவலையே." பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் இதைச் சொல்லிச் சிரிப்பார். பாதிச் சிரிப்பில் மூச்சு வாங்கும். நானும் கூடச் சிரிப்பேன். அவர்மேல் எனக்கு எந்தக் கோபமும் கிடையாது, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

செவ்வாய்க்கிழமை காலை வேலைக்குக் கிளம்பும்போது மனைவி வழக்கம்போலச் சொன்னாள்: "அண்ணன் மெஷின் மேல ஒரு கண்ணு வைங்க. நின்னுச்சுன்னா சிலிண்டருக்கு மாத்தி விடுங்க, அரை நிமிஷ வேலை." ஆக்ஸிஜன் மெஷினைச் சொன்னாள். சிலிண்டர் அறை மூலையில் நின்றது. மச்சானால் எழுந்து நடக்க முடியாது.

பத்தரை மணிக்கு இரைச்சலைத் தேட ஆரம்பித்தேன். இதற்கென்று ஒரு முறை இருக்கிறது சார். ரேடியோவைப் பேட்டரியில் ஓடவிட்டு, மெயின் பெட்டியில் ஒவ்வொரு சுவிட்சாக இறக்க வேண்டும். ஃபிரிட்ஜ் இல்லை. மோட்டார் இல்லை. கீஸர் இல்லை. கூடத்து விளக்குகளும் இல்லை. ஐந்தாவதை இறக்கினேன், அப்பாடா, கொரகொரப்பு துடைத்துவிட்டதுபோல் நின்றது. ஐந்தாவது மச்சானின் அறை. என் ரேடியோவை இத்தனை நாள் கேலி செய்த மனுஷனின் மெஷின்தான் அவ்வளவு இரைச்சலையும் கிளப்பியிருக்கிறது. நீங்களே சொல்லுங்கள், யாருக்குத்தான் சிரிப்பு வராது?

மின்சாரம் போனால் அந்த மெஷின் கீச்கீச்சென்று கத்தும். கத்தியது. ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். ஐந்து நிமிடம் போதும் என்றுதான் நினைத்தேன். ஏழு ஃபில்டருக்கு அது எந்த மூலைக்கு? எதையும் அரைகுறையாகச் செய்து எனக்குப் பழக்கமில்லை. பன்னிரண்டு மணிக்குச் சுவிட்சை ஏற்றிவிட்டேன். ஒரு மணிக்கு மனைவி சாப்பிட வருவாள், நான் ஒன்றும் பொறுப்பில்லாதவன் அல்ல. கரண்ட் போய்விட்டது, நான் அசந்து தூங்கிவிட்டேன் என்று அவளிடம் சொன்னது மட்டும் பொய்.

சோதனையின் முடிவைக் கேட்டால் உங்களுக்கே வயிறெரியும். இரைச்சல் போன பிறகு இரண்டு ரேடியோவும் ஒன்றுபோலத்தான் பாடின.

அண்ணன் கூப்பிடவே இல்லையா என்று மனைவி திரும்பத் திரும்பக் கேட்கிறாளாம். என் நோட்டு உங்களிடம்தானே இருக்கிறது, கடைசிப் பக்கத்தை அவளுக்குக் காட்டுங்கள். என் மேஜை மச்சான் அறைச் சுவரோடு ஒட்டியது. ஹெட்போன் போட்டிருந்தாலும் தட்டினால் கையில் அதிர்வு தெரியும். 'பிற இடையூறுகள்' என்ற கட்டத்தில் ஒன்று விடாமல் குறித்திருக்கிறேன்: பத்து ஐம்பது முதல் பதினொன்று பத்து வரை, சுவரில் தட்டும் ஓசை, மூன்று மூன்றாக. அதன் பிறகு மிகத் தெளிவு.