உள்ள வரமாட்டேன்னு சொல்லியிருக்கேன்

...நாலு பக்கம் தம்பி, நாலு பக்கம்! ஞாயித்துக்கிழமை பேப்பரப் பாத்தீங்களா? நர்ஸ் வேணும், நர்ஸ் வேணும்னு கதறியிருக்கான். வந்து சேந்தா போனஸ் வேற குடுப்பானாம். ஆனா எங்க வீட்ல ஒரு நர்ஸ், கையில லைசென்ஸ வச்சிக்கிட்டு எட்டு மாசமா உக்காந்திருக்கா. அவளுக்கு மட்டும் வேலை இல்லையாம். என்ன நியாயம் இது, சொல்லுங்க!

நீங்க உக்காரும்போதே "அப்பாடா"ன்னீங்களே, அப்பவே தெரிஞ்சுபோச்சு, நம்ம ஆளுன்னு. விரல்ல என்ன? கார் கதவா? ஐயையோ, நல்லா வீங்கியிருக்கே. எக்ஸ்ரேக்குக் கூப்பிடுவாங்க, மெதுவாத்தான் கூப்பிடுவாங்க. நம்ம பேர வாசிச்சுப் பாக்கவே இந்த அமெரிக்காக்காரங்களுக்கு அஞ்சு நிமிஷம் வேணும். நான் பசுபதி. பிளெய்ன்ஸ்பரோல அபார்ட்மென்ட். மருந்து கம்பெனில ஸ்டாட்டிஸ்டிக்ஸ் வேலை. அதோ அந்த பிரவுன் கதவு இருக்கில்ல? அதுக்குள்ளதான் என் வொய்ஃப் ருக்மிணி இருக்கா. இன்டர்வியூ. உள்ள போய் இருபத்திரெண்டு நிமிஷம் ஆகுது. நான் உள்ள வரமாட்டேன்னு சொல்லியிருக்கேன். அதான் இங்க உக்காந்திருக்கேன்.

இதோட பன்னெண்டாவது ஆஸ்பத்திரி தம்பி! கவுண்டி காலேஜ்ல நர்சிங்ல ரெண்டு வருஷ அசோசியேட் டிகிரி. நர்ஸ் லைசென்ஸுக்கு வைக்கிற ஸ்டேட் போர்டு பரீட்சை முதல் தடவையே பாஸ். போன உடனே ஒருத்தன் என்ன சொல்றான்? ரெண்டு வருஷப் படிப்பு போதாது, நாலு வருஷம் படிச்ச பொண்ணு வேணுமாம். இன்னொருத்தன் ஒரு வருஷ எக்ஸ்பீரியன்ஸ் கேக்கறான். வேலை குடுத்தாத்தானேய்யா எக்ஸ்பீரியன்ஸ்! எக்ஸ்பீரியன்ஸ் என்ன ஓக் ட்ரீ ரோடு மளிகைக் கடையில கிலோ கணக்குல விக்கறானா? சரி, அந்த ரெண்டு பேர விட்டுடுங்க. மிச்ச ஒம்பது பேரும் ரெண்டு வருஷப் படிப்பே போதும்னு சொன்னவங்கதான். அப்புறமும் ஏன் எடுக்கல? அதான் எனக்குப் புரியல... புரியலன்னா... சொல்றேன் இருங்க.

இத்தனைக்கும் பயோடேட்டா நானே டைப் பண்ணது. ஆபீஸ்ல லஞ்சுக்குக் கூடப் போகாம, எலக்ட்ரிக் டைப்ரைட்டர்ல, நாலு பக்கம்! ஒண்ணு விடல. அப்பா பேரு, ரிட்டயர்டு தாசில்தார். அண்ணன், மின்சார வாரியத்துல டெபுடி இன்ஜினியர், கல்யாணம் ஆயிடுச்சு. உயரம், நெறம்... ஏன் அப்படிப் பாக்கறீங்க? நல்ல குடும்பத்துப் பொண்ணுன்னு தெரியவேணாமா? நம்ம ஊர்ல ஒரு பயோடேட்டான்னா இதெல்லாம் இருக்கணும் இல்ல? மயிலாப்பூர் ஸ்டூடியோல பட்டுப்புடவையோட எடுத்த போட்டோ, ஒவ்வொண்ணுக்கும் ஒரு காப்பி. புருஷன் யாருன்னு கேப்பாங்களேன்னு முதல் பக்கத்துலயே என் டிகிரி, என் கம்பெனி, என் பேப்பர் ரெண்டு பப்ளிஷ் ஆனது... எல்லாம் போட்டுட்டேன்.

என்ன ஆச்சு தெரியுமா? ஒரு ஆஸ்பத்திரிலேர்ந்து லெட்டர் வந்துச்சு. ஆசையா பிரிச்சா, ரெக்கார்ட்ஸ் டிபார்ட்மென்ட்ல ஸ்டாட்டிஸ்டிக்ஸ் வேலை இருக்கு, வர்றீங்களான்னு என்னைக் கேக்கறான்! ருக்கு அந்த லெட்டர படிச்சுட்டு, மடிச்சு என் கையில குடுத்துட்டு, அடுப்படிக்குப் போயிட்டா. அன்னிக்கு ரசத்துல உப்பே இல்ல. நானும் கேக்கல.

அப்புறம் அவளே உக்காந்து ஒரே பக்கத்துல எழுதினா. அவ பேரு, படிப்பு, லைசென்ஸ் நம்பர், ட்ரெயினிங் எடுத்த வார்டு. அவ்வளவுதான். மொட்டையா இருக்கேன்னு சொன்னேன். போஸ்ட் பண்ணிட்டா. அடுத்த வாரமே மூணு இடத்துலேர்ந்து கூப்பிட்டுட்டான், பாருங்களேன்!

சரி, கூப்பிட்டாச்சு. தனியா அனுப்ப முடியுமா? கூடப் போனேன். உள்ளயும் போனேன். ஆமா தம்பி, உள்ளதான். ரெண்டு சேர் கிடந்தது, ஒண்ணுல உக்காந்தேன். "நைட் ஷிஃப்ட் பாப்பீங்களா"ன்னு இன்டர்வியூ எடுத்த அம்மா கேட்டாங்க. ருக்கு வாயத் தொறந்தா. நான் முந்திக்கிட்டு, வீட்டுக்குப் போய்க் கலந்து பேசிட்டு லெட்டர் போடறோம்னுட்டேன். பொண்ணு பாத்துட்டுப் போற மாப்பிள்ளை வீட்டுக்காரங்க மாதிரி! எனக்கே அப்புறம்தான் உறைச்சுது.

இன்னொரு இடத்துல கேட்டாங்க, பேஷன்ட்டோட சொந்தக்காரங்க கூடவே நின்னு தொந்தரவு பண்ணா எப்படிச் சமாளிப்பீங்கன்னு. ருக்கு பதில் சொல்லாம என்னையே பாக்கறா. பாவம், தெரியல போலிருக்குன்னு நானே பதில் சொன்னேன். விவரமா, பாயின்ட் பாயின்ட்டா. அந்தம்மா சிரிச்சாங்க. நல்லாச் சொல்லிட்டோம்னு நெனச்சேன்.

சிரிக்காதீங்க தம்பி.

போன வாரம்தான் வெட்ட வெளிச்சமாச்சு. பதினோராவது இடம். கிளம்பும்போது அந்த நர்சிங் டைரக்டர் ருக்கு கையப் புடிச்சுக்கிட்டு, "உன்ன எனக்குப் புடிச்சிருக்கு, அடுத்த இன்டர்வியூக்கு நீ தனியா போ"ன்னாங்க. அவ்வளவுதான். வீட்டுக்கு வந்தா, எங்க பொண்ணு ஷ்யாமளா, பத்து வயசு, அவ சொல்றா, "டாட், இட்ஸ் ஹெர் இன்டர்வியூ." பத்து வயசுக்குப் புரிஞ்சிருக்கு. எனக்கு எட்டு மாசம் ஆச்சு.

இன்னிக்கு அவதான் காரே ஓட்டிக்கிட்டு வந்தா. பிள்ளையார் மேல சத்தியம் வாங்கிட்டுத்தான் என்னை ஏத்தினா. இதுவும் போச்சுன்னா அவ நர்சிங்கையே மறந்துடறேன்னுட்டா தம்பி. ராத்திரி பகலா படிச்சவ. சமையல் பண்ணும்போதுகூட எலும்பு பேரா முணுமுணுத்துட்டு இருப்பா. அவ படிப்பு வீணாப்போனா அதுக்குக் காரணம் நாலு வருஷப் படிப்பு இல்ல, எக்ஸ்பீரியன்ஸ் இல்ல. நான்தான்.

ஏன் போனேன்னு கேக்கறீங்களா? கேக்கலியா? பரவால்ல, சொல்றேன். எழுபத்தெட்டுல நான் இங்க வந்து முதல் இன்டர்வியூ. "உங்களப் பத்திச் சொல்லுங்க"ன்னான். எங்கப்பா பேரச் சொன்னேன். அதுக்கு மேல ஒரு வார்த்தை வரல தம்பி. மூணு பேர் என்னையே பாத்துட்டு இருக்கான். வெளிய வந்து பார்க்கிங் லாட்ல வாந்தி எடுத்தேன். வீட்ல நல்லாப் பண்ணேன்னு பொய் சொன்னேன். இன்னி வரைக்கும் அவளுக்குத் தெரியாது. அவ அந்த மாதிரி தனியா மாட்டிக்கக்கூடாதுன்னு பயம். பயந்தாங்கொள்ளி நான், ஆனா அவளத்தான் கையப் புடிச்சு உக்கார வச்சேன்...

எங்க கிளம்பறீங்க? உங்க பேர இன்னும் கூப்பிடவே இல்லையே! இருங்க, கதவு தொறக்குது. அவதான். கூட இந்த ஆஸ்பத்திரி டைரக்டர் மேடம். ஐயோ, என்னத்தான் பாக்கறாங்க, இங்கதான் வர்றாங்க... எந்திரிக்காதீங்க தம்பி, கெஞ்சிக் கேக்கறேன்!

நோ மேடம்... நோ நோ, நாட் வித் ஹெர். அந்தம்மா யாருன்னே... ஐ டோன்ட் நோ ஹெர், மேடம். ஐ கேம் வித் ஹிம். ஃபிங்கர். எக்ஸ்ரே. யெஸ், வெரி பெயின்ஃபுல். தேங்க் யூ, மேடம்.

...போயிட்டாங்களா? எந்தப் பக்கம் போறாங்க? லிஃப்ட் பக்கமா? வார்டைக் காட்டறேன்னுதானே சொன்னாங்க, நீங்களும் கேட்டீங்கல்ல? வேலை இல்லன்னு திருப்பி அனுப்பப்போற ஆளுக்கு யாராவது வார்டைக் காட்டுவாங்களா?

என்னைத் தாண்டித்தான் போனா தம்பி. கட்டிப் பதினாலு வருஷமான புருஷன், ஒரு ஓரக்கண் பார்வைகூட இல்ல. பாக்கவேணாம். அப்படியே நேரா நடந்து போகட்டும்.