அர்த்தம் சார் கடைசியாகக் கேட்டது

நம் இசை மன்றத்தின் தலைவர், பல் மருத்துவர் அவர்களே! எனக்கு முன்னால் அழகாகப் பேசி, என் வேலையைச் சிரமமாக்கிவிட்டு அமர்ந்திருக்கும் மேடைப் பெரியோர்களே! நாற்காலி கிடைக்காமல் சுவரோரம் நிற்கும் பாட்டுக்காரர்களே, பாட்டுக் கேட்பவர்களே! முன்வரிசையில் மகளோடு அமர்ந்திருக்கும் சாரின் துணைவியார், அக்கா அவர்களே! எல்லோருக்கும் என் வணக்கம்.

நான் பேசிப் பழகியவன் அல்ல, மிருதங்கம் வாசிப்பவன். பக்கத்தில் ஒருவர் பாடினால்தான் எனக்கு வேலை. ஆனால் தலைவர் விடவில்லை. "நீங்கதான் சார்கூடவே கடைசிவரைக்கும் இருந்தீங்க. முடிக்கும்போது அவரோட பணியை மன்றம் தொடர்ந்து செய்யும்னு ஒரு உறுதி சொல்லிடுங்க, போதும்" என்றார். அந்த உறுதிக்கு வருகிறேன். அதற்கு முன்னால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பதப்பொருள் வித்தகர்! அந்தப் பட்டத்தை இதே மேடையில்தான் அவருக்குக் கொடுத்தோம். கொடுத்ததும் அவர் மைக்கைப் பிடித்து, "பதம்னா என்ன, பொருள்னா என்னன்னு கொடுத்தவங்கள்ல யாராவது சொல்லுங்க, அப்புறம் வாங்கிக்கறேன்" என்றார். அன்றோடு அந்தப் பட்டம் பெட்டிக்குள் போய்விட்டது. அவர் நமக்கு என்றைக்கும் அர்த்தம் சார்தான். யார் எதைப் பாடினாலும் நிறுத்தி, "அர்த்தம்?" என்று கேட்ட மனிதருக்கு வேறு என்ன பெயர் வைப்பது?

சலவைக் கடைக்கு மேலே உள்ள அந்த வாடகை அறையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். கீழே துணி இயந்திரங்கள் சுற்றும், மேலே தரை லேசாக அதிரும், சோப்பு வாசனை படியேறி வரும். செவ்வாய் மாலையானால் அங்கே நாம் வாயில் போட்டு மென்றுகொண்டிருக்கும் வடமொழிச் சொற்களை ஒவ்வொன்றாக எடுத்து வைப்பார். நாதம் என்றால் என்ன, கமகம் என்றால் என்ன, சரணாகதி என்று சொல்கிறவன் எதை விட்டுக்கொடுக்கிறான்? லயம் என்றால் கரைந்துபோவது என்று ஒருநாள் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். "யோவ் மிருதங்கம், நீ கரையவே மாட்டேங்கறியே. நீ வாசிக்கறது லயம் இல்லய்யா, கடிகாரம்." எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு ஒரு வாரம் தூக்கம் வரவில்லை. ஆனால் மறு வாரம் நான் வாசித்ததைக் கேட்டு, "இப்போ பரவாயில்ல" என்றார். அவர் வாயிலிருந்து அதைவிடப் பெரிய பாராட்டு யாருக்காவது கிடைத்திருக்கிறதா? கிடைத்தவர்கள் கை தூக்குங்கள் பார்ப்போம்.

அதோ, தூணுக்குப் பக்கத்தில் நிற்கிறாரே, வங்கியில் வேலை பார்க்கும் அம்மா. அற்புதமான குரல். ஒரு மாலை 'பாஹி, பாஹி' என்று அத்தனை இனிமையாக, முகமெல்லாம் சிரிப்பாகப் பாடினார். சார் கையைத் தூக்கி நிறுத்தினார். "பாஹின்னா காப்பாத்துன்னு அர்த்தம்மா. வீடு பத்தி எரியும்போது காப்பாத்துங்கன்னு கத்தறவ இப்படியா சிரிப்பா? பாட்டுல ஒருத்தர் என்னமோ கேக்கறார். என்ன கேக்கறார்னு தெரியாம ரசிச்சா அது ரசனை இல்ல, கல் மனசு." அந்த அம்மா அழுதேவிட்டார். பிறகு அதே பாட்டை அவர் பாடியபோது கேட்டவர்கள் அழுதார்கள். இதுதான் ஐயா அவர் செய்த தொண்டு! பாட்டுக்கு உள்ளே ஒரு ஆள் இருக்கிறான், அவனுக்கு ஒரு தேவை இருக்கிறது என்று நமக்குச் சொன்னார்.

அப்படிப்பட்ட மனிதருக்கு வந்த கதியைப் பாருங்கள்.

மூளையில் ரத்த அடைப்பு. வலது கை போயிற்று. அதோடு பேச்சும் போயிற்று. புத்தி தெளிவாக இருந்தது. கண்ணைப் பார்த்தாலே தெரியும். ஆனால் "தண்ணி" என்ற சொல் வரவில்லை. மகள் பெயர் வரவில்லை. வாயைத் திறந்தால் நாமாவளி வரும். ராகம் பிசகாமல், சுருதி விலகாமல், சின்ன வயதிலிருந்து பாடிப் பாடி ஊறிப்போன கடவுள் பெயர்கள் மட்டும் வரும். பசித்தாலும் அதுதான், முதுகு வலித்தாலும் அதுதான், ஜன்னலை மூடச் சொல்வதற்கும் அதுதான்.

பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு பெண் வந்தார். நல்ல பெண், பொறுமைசாலி. பேச்சு ஒரு வழியாகவும் பாட்டு வேறொரு வழியாகவும் வருகிறது, பாட்டின் வழி அடைபடவில்லை, அதற்குள் தேவையான சொற்களை வைத்து அனுப்பிப் பார்ப்போம் என்று எங்களுக்கு விளக்கினார். கேட்டதும் எனக்கு உயிர் வந்தது. இது நம்ம வேலை ஆயிற்றே! "தண்ணி வேணும்" என்பதை மோகன ராகத்தில் மெட்டமைத்தேன். கட்டில் கம்பியில் விரலால் தட்டித் தாளம் போட்டேன். அக்கா பாடினார், மகள் பாடினாள், நானும் என் கழுதைக் குரலில் பாடினேன். சார் உன்னிப்பாகக் கேட்டார். உதட்டைக் கூட்டினார். நெற்றி வியர்த்தது. பிறகு பாடினார். மெட்டு அப்படியே வந்தது. நான் போட்டதைவிட நன்றாகவே வந்தது. சொல் மட்டும் 'கருணாகரா' என்று வந்தது.

தான் சொன்னது தப்பு என்று அவருக்குத் தெரியும். அதுதான் கொடுமை. தலையை அசைத்து மறுபடி முயல்வார், மறுபடி கருணாகரா. இடது கையால் தன் வாயில் தானே அடித்துக்கொண்டார். அக்கா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, "விடுங்க, எனக்குப் புரிஞ்சுபோச்சு" என்று தண்ணீர் கொடுத்தார். அன்றைக்குப் புரிந்தது. எல்லா நாளும் புரியவில்லை.

பார்க்க வந்தவர்கள் என்ன செய்தார்கள்? கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார்கள். தொடையில் தாளம் போட்டார்கள். "என்ன ராகபாவம், என்ன சுருதி சுத்தம்" என்றார்கள். அவர் கத்திக்கொண்டிருந்தார் ஐயா! ராகத்தில் கத்தினாலும் கத்தல்தானே? ஒருநாள் அக்கா பொறுக்க முடியாமல் அத்தனை பேரையும் வெளியே போகச் சொன்னார். அதற்காகக் கோபித்துக்கொண்டவர்கள் இந்தக் கூட்டத்திலும் இருக்கிறீர்கள்.

கடைசி நாட்களில் ஒரே ஒரு பெயர்தான் வந்தது. 'பங்கஜலோசனா' என்று, சஹானா ராகத்தில். அக்காவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு, விடாமல் பாடினார். தண்ணீர் கொடுத்தோம், தள்ளிவிட்டார். தலையணையை மாற்றினோம். மகளை எதிரில் கொண்டுவந்து நிறுத்தினோம். டாக்டரைக் கூப்பிட்டோம். எதுவும் இல்லை. அக்கா என் பக்கம் திரும்பி, "தம்பி, அவர் என்ன சொல்றார்?" என்று கேட்டார்.

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். "தாமரைக் கண்ணனேன்னு அர்த்தம் அக்கா."

"அது பாட்டோட அர்த்தம். இவர் என்ன கேக்கறார்?"

நான் என்ன சொல்ல? அவரிடம் பாடம் கேட்டவன் நான். அகராதி வேண்டுமானால் தருகிறேன், ஒவ்வொரு நாமத்துக்கும் பொருள் சொல்கிறேன். அக்கா கேட்டது அதை அல்ல. மறுநாள் காலையில் அவர் கை தளர்ந்தது.

முதலையின் வாயில் அகப்பட்ட யானை 'ஆதிமூலமே' என்று கூப்பிட்டது. யார் பெயரையும் குறிப்பிட்டுச் சொல்லவில்லை, ஆனாலும் திருமால் வந்தான் என்று கதை. அதை எத்தனை உருக்கமாகச் சொல்வார் சார்! இவர் எத்தனை பெயர் சொல்லிக் கூப்பிட்டார்? வந்தது யார்? பக்தர்கள் என்மேல் கோபப்படுங்கள், பரவாயில்லை. நான் கேட்டே தீருவேன்.

எனக்கு முன்னால் பேசியவர்கள் எல்லோரும் ஒன்றையே சொன்னீர்கள். நாமத்தைச் சொல்லிக்கொண்டே போனார், கொடுத்து வைத்தவர், இப்படிப்பட்ட சாவு யாருக்குக் கிடைக்கும் என்று. ஆறுதலுக்குத்தான் சொன்னீர்கள், புரிகிறது. ஆனால் நீங்கள் ஒவ்வொருவரும் அதைச் சொன்னபோது அக்கா தலையைக் குனிந்துகொண்டார். நான் இங்கிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

தலைவர் அவர்களே, உறுதி கேட்டீர்கள். செவ்வாய்க்கிழமை அறையைத் திறப்பேன். பாய் விரிப்பேன். தெரிந்த சொல்லுக்குப் பொருள் சொல்வேன், தெரியாததைத் தெரியாது என்பேன். அவர் இடத்தில் உட்கார என்னால் முடியாது, இங்கிருக்கும் எவராலும் முடியாது. மன்றத்தின் பெயரால் என்னால் கொடுக்க முடிந்த வாக்கு ஒன்றுதான். நாமம் சொல்லிக்கொண்டே போனார் என்று இனி யார் என் காதுபடச் சொன்னாலும், இல்லை என்று எழுந்து சொல்வேன்.

அக்கா, அவர் பாடவில்லை. உங்களிடம் ஏதோ கேட்டார். அது என்னவென்று எனக்குத் தெரியவில்லை.